ஐஸ் பிரிவு

இந்தக் காலத்து மனிதர்கள் கை கழுவுவதைப் பற்றிப் பேசுகிற நேரத்தில் குளித்துத் துவட்டியே முடித்துவிடலாம் என்பது ஐஸ்காரரின் கணக்கு. அந்தக் கால்பந்து மைதானத்துக்குள் மட்டும் நாற்பத்தோரு இடத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கை கழுவு. இருமினால் வாயை மூடு. அடுத்தவன் பாட்டிலில் குடிக்காதே. கக்கூஸ் கதவில்கூட ஒரு கையின் படம். அதன்மேல் பச்சைப் பச்சையாகக் கிருமிகள், ஒவ்வொன்றுக்கும் கண்ணும் பல்லும். கண்ணுக்கே தெரியாத பூச்சிக்குப் பல் இருப்பதை எவன் எங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தான் என்று அவர் நாலு பேர் இருக்கும்போது கேட்டார். ஒட்டியவள் அவருடைய மருமகள்.

அவள்தான் அங்கே வருஷாவருஷம் நடக்கும் கால்பந்துப் போட்டிக்குச் சுகாதார அதிகாரி. ஆஸ்பத்திரியில் பத்து வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு, இந்த வேலைக்கென்று தனியாகப் படித்து வந்தவள். மைதானத்துக்குள் எல்லோருக்கும் அவள் 'மேடம்'. மாமனாருக்கு மட்டும் 'என்னம்மா'. அவளுக்கு அவர் வீட்டிலும் மாமா, இங்கேயும் மாமா. வேலையிடத்தில் முறை சொல்லிக் கூப்பிட வேண்டாம் என்று இருவரும் ஒரு நாள் பேசி முடிவெடுத்தார்கள். அரை மணி நேரம் ஒருவரையொருவர் கூப்பிடாமலே இருந்து பார்த்துவிட்டு, பழையபடிக்கே திரும்பிவிட்டார்கள்.

ஐஸ்காரருக்கு இது இருபத்திரண்டாவது வருஷம். லாரியில் வரும் ஐஸ் பாளங்களைச் சாக்கில் கட்டி, மரச்சுத்தியால் உடைத்து, இரண்டு பெரிய டப்பில் நிரப்ப வேண்டும். ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் வந்து இடுப்பு முங்க அதில் பத்து நிமிஷம் உட்காருவார்கள். கால் வலி போகுமாம். ஓடியதால் வந்த வலி ஓடாமல் இருந்தால் போகும் என்று அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு, கேட்பார் இல்லை. இந்த வேலையில் அவர் தனக்கென்று கேட்டு வாங்கியது ஒன்றே ஒன்றுதான். இறுதிப் போட்டியன்று கோட்டோரத்தில் ஐஸ் பெட்டியின்மேல் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கலாம். இருபத்தோரு இறுதிப் போட்டிகளை அப்படிப் பார்த்திருக்கிறார். அங்கேயிருந்து பார்த்தால் பந்து காலில் படுகிற சத்தம் தனியாகக் கேட்கும். கேலரியில் இருப்பவர்கள் பார்ப்பதெல்லாம் ஒரு ஆட்டமா?

வெள்ளிக்கிழமை காலை உள்ளூர் அணியில் ஆறு பேருக்கும் எதிரணியில் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு. இறுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை. வீரர்கள் அறைப் பக்கம் கதவுகள் திறந்து மூடுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

"சோத்துலதான் கோளாறு," என்றார் ஐஸ்காரர், சமையல் கூடத்து வாசலில் நின்று, உள்ளே கேட்கும்படியாக.

இரண்டு அணிக்கும் சமைத்துப் போடும் அம்மாள் கரண்டியோடு வெளியே வந்தாள். "யோவ் பெரியவரே, நேத்து மூணு வாட்டி கேட்டு வாங்கித் தின்னப்ப நாக்குல ருசி தெரிஞ்சுதா, கோளாறு தெரிஞ்சுதா?"

"பசிச்சுது, தின்னேன். அதுக்குச் சர்டிபிகேட்டா குடுக்க முடியும்?"

மருமகள் காலையிலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்துக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். மத்தியானம் ஐஸ் கொட்டகைக்கு வந்து, கவிழ்த்து வைத்த ஒரு வாளிமேல் உட்கார்ந்தாள்.

"மாமா, டிரைவருங்க, காவல்காரங்க எல்லாரும் அதே சாப்பாடுதான் சாப்பிட்டிருக்காங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. கோல்கீப்பருக்கும் ஒண்ணும் இல்ல."

"அவன் எங்க ஓடுறான்? நின்ன எடத்துல நிக்கிறான்."

"அவரு வீட்டுலேருந்து பாட்டில் கொண்டுவர்றாரு மாமா. வேற பாட்டில்ல குடிச்சா கோல் வாங்கிடுவாராம். சரி, நீங்க சொல்லுங்க. மத்தவங்க பாட்டிலை எதுல குளிர வைக்கிறீங்க?"

"டப்புலதான்."

"எந்த டப்புல?"

"என்னம்மா கேள்வி இது? பசங்க உக்காந்து எழுந்திரிச்சதும் பாதி ஐஸ் கரையாம அப்படியே மெதக்கும். நல்ல ஐஸை எவனாவது கொட்டுவானா? அதுல பாட்டிலைப் போட்டா அடுத்த ஆட்டத்துக்குச் சில்லுனு இருக்கும்." அவர் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. "இந்தச் சிக்கனத்தை இங்க எவனும் சொல்லிக் குடுக்கல. நானா பண்ணது."

அவள் பேனாவை மூடினாள். பிறகு திறந்தாள். "அவங்க உக்காந்த தண்ணியிலயா?"

"மூடி இறுக்கமா இருக்கும்மா. உள்ள ஒரு சொட்டு போகாது."

"உள்ள போக வேண்டாம் மாமா. வாய வெளியிலதான வைக்கிறாங்க."

ஐஸ்காரர் யோசித்தார். "அதுக்குத்தான் துடைச்சுக் குடுக்கிறேனே," என்று தோளில் கிடந்த துண்டைத் தட்டிக் காட்டினார். "ஒவ்வொரு பாட்டிலையும். வாய்ப் பக்கத்தைத் தனியா அழுத்தித் துடைப்பேன்."

"எல்லாத்தையும் அந்தத் துண்டாலயா?"

"பின்ன, ஆளுக்கொரு துண்டா?"

அவள் விஷயம் இவ்வளவுதான் என்று மெதுவாகச் சொன்னாள். மாற்று ஆட்டக்காரன் ஒருவனுக்கு ஊரிலேயே வயிறு போய்க்கொண்டிருந்திருக்கிறது. அணியிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயந்து உடல்நலப் படிவத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டான். புதன்கிழமை டப்பில் முதலில் உட்கார்ந்தவன் அவன். அவனிடமிருந்து தண்ணீர், தண்ணீரிலிருந்து பாட்டில், பாட்டிலிலிருந்து துண்டு, துண்டிலிருந்து எல்லாப் பாட்டிலும்.

"அப்ப வாசலுக்கு வாசல் வச்சிருக்கீங்களே, கையில தடவுற கோந்து, அது என்ன பண்ணிச்சு?"

"இந்தக் கிருமிக்கு அது சரியா வேலை செய்யாது மாமா. சோப்புப் போட்டுத்தான் கழுவணும். நான் சோப்புதான் கேட்டேன். அவங்க இதை வாங்கி வச்சுட்டாங்க."

"பாத்தியா!" என்றார் ஐஸ்காரர். அன்றைக்கு அவர் மனது குளிர்ந்தது அந்த ஒரு தடவைதான்.

"மாமா, நான் இதை எழுதியே ஆகணும்."

"எழுதேன். யாரு வேண்டாங்குறா?"

எழுதமாட்டாள் என்றுதான் நினைத்தார். ராத்திரி தட்டில் சோறு போடுகிறவள், பகலில் காகிதத்தில் பேர் போடுவாளா?

சாயங்காலம் போட்டி மேலாளரின் அறைக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள். மேலாளர் முகம் இரண்டு நாள் வாந்தி எடுத்தவர் முகம் மாதிரி இருந்தது. அவருக்கு நோய் ஒன்றுமில்லை. விளம்பரம் கொடுத்தவர்கள் காலையிலிருந்து போன் மேல் போன் போடுகிறார்களாம். தப்பு யாருடையது, அவரை வெளியே அனுப்பியாயிற்றா, இந்த இரண்டு கேள்விதான். சமையல் அம்மாள் சுவரோரமாக நின்றிருந்தாள். அவளுடைய அண்டாக்களை வண்டியில் ஏற்றச் சொல்லி ஏற்கெனவே ஆள் போயிருந்தது.

மருமகள் காகிதத்தை மேஜையில் வைத்தாள். மேலாளர் படித்தார். "காரணம், ஐஸ் பிரிவு." நிமிர்ந்தார். "ஐஸ் பிரிவுன்னா யாரு?"

ஐஸ் பிரிவில் மொத்தம் எத்தனை பேர் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். மேலாளருக்கும் தெரியும்.

"என் மாமனார்," என்றாள் அவள்.

மேலாளர் கதவைச் சாத்தச் சொன்னார். "மேடம், இருபத்திரண்டு வருஷமா இருக்காரு. வீரர்கள் குளிச்ச தண்ணியில பாட்டில் கெடந்துச்சுன்னு வெளிய தெரிஞ்சா நம்ம மானம் கப்பலேறிடும். சாப்பாடு ஒத்துக்கலைன்னு போட்டுட்டா நாலு நாள்ல மறந்துடுவாங்க. சமையலுக்கு வேற ஆள் சொல்லியாச்சு. என்ன பெரியவரே, காலையில நீங்களே சொன்னீங்களாமே, சோத்துலதான் கோளாறுன்னு?"

தலையை ஆட்டினால் போதும். ஞாயிற்றுக்கிழமை கோட்டோரம், ஐஸ் பெட்டி, ஆட்டம். ஐஸ்காரர் சமையல் அம்மாளைப் பார்த்தார். அவள் இவரைப் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னேன்," என்றார். "காலையில மனுஷன் ஏதாவது சொல்லுவான். அந்தம்மா சோத்தை மூணு நாளா மூணு வேளையும் தின்னவன் நான். ஒரு ஏப்பம்கூடத் தப்பா வரலை. பாட்டிலை டப்புல போட்டதும் நான்தான், துடைச்சதும் நான்தான். நான் போட்டதை இன்னொருத்தி போட்டான்னு எழுதினா எப்படி? பூச்சி வந்துச்சா வரலையான்னு எனக்குத் தெரியாது. அது என் மருமக பாடு. அண்டாவை எறக்கச் சொல்லுங்க."

மேலாளர் போனை எடுத்து அண்டாவை இறக்கச் சொன்னார்.

அதன்பிறகு மருமகள் மடமடவென்று சொல்லிக்கொண்டே போனாள். சமையல் அப்படியே இருக்கும். நோய் வந்த ஒன்பது பேரும், பொய் எழுதிய மாற்று ஆட்டக்காரனும், வயிறு நின்று இரண்டு நாள் முழுசாக ஆகாமல் களத்தில் இறங்கக்கூடாது. மற்றவர்களை வைத்து ஆட்டம் நடக்கும். ஆளுக்கொரு பாட்டில், அதில் பேர். டப்பு வேறு, பாட்டில் பெட்டி வேறு. துண்டு குப்பைக்கு.

"மாமா, நீங்களும் ரெண்டு நாள் உள்ள வரக்கூடாது. உங்க கையில, வயித்துல எல்லாம் அது இருக்கலாம். சாம்பிள் குடுத்து ரிசல்ட் வரணும்."

"நான் நல்லாத்தான இருக்கேன்?"

"நல்லா இருக்கிறவங்க மூலமாவும் பரவும் மாமா."

"ரெண்டு நாள்னா ஞாயித்துக்கிழமை?"

அவள் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஞாயித்துக்கிழமையும் சேர்த்துதான் மாமா. டிவில வரும்."

"டிவில," என்றார் ஐஸ்காரர். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவள் நீட்டிய சாம்பிள் டப்பியை வாங்கி, மூடி எவ்வளவு இறுக்கம் என்று ஒரு தடவை திருகிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வாசலில் காவல்காரர் வழி மறித்தார். "என்ன பெரியவரே, ஐஸ் லாரி வர்ற நேரத்துல வெளிய கெளம்பிட்டீங்க? உடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அதனாலதான் அனுப்பிட்டாங்க."

காவல்காரருக்குப் புரியவில்லை. ஐஸ்காரருக்கும்தான். உட்கார்ந்தவனுக்கு வந்தது சரி, குடித்தவனுக்கு வந்ததும் சரியென்றே வைத்துக்கொள்வோம். மூன்று நாளாக முழங்கை வரை அந்தத் தண்ணீரிலேயே கிடந்தவனை விட்டுவிட்டுப் போக அந்தப் பூச்சிக்கு என்ன கண்ணா தெரியவில்லை? இதை நின்று கேட்க ஆள் கிடையாது. பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.