திங்கட்கிழமைத் திரி

அண்ணன் வருவதற்குள் சுவரிலிருந்த கட்டத்தாளை எடுத்துவிட வேண்டும் என்று அருந்ததி கதிரையில் ஏறி நின்று சுரண்டினாள். சோற்றுப் பசை விடுவதாயில்லை. நகத்தோடு சுண்ணாம்புதான் வந்தது. இரண்டு நாளாகக் கண் மூடவில்லை. கையைத் தூக்கவே அலுப்பாக இருந்தது.

"விடுங்க தங்கச்சி, நான் கிழிச்சிடுறேன்," என்றார் பக்கத்து வீட்டு ஹாஷிம் நானா.

"கிழிக்க வேண்டாம், நானா."

தாளில் இருந்தது ஐயாவின் காய்ச்சல். கீறியது அவள்.

ஐயா கதிர்காமநாதன் கோட்டையில் ஒரு பங்குத் தரகர் கந்தோரில் கிளாக்கர். றப்பர் பங்குகளின் விலையை மெழுகுதிரிகளாகக் கீறும் வித்தையை ஒரு ஜப்பான்காரப் பீங்கான் கடைக்காரரிடம் பழகியிருந்தார். காலை விலையும் மாலை விலையும் திரியின் இரண்டு முனை. அன்று தொட்ட உச்சமும் தாழ்வும் அதற்கு மேலும் கீழும் நீளும் நூல். பல நாள் ஏறிய விலை ஒரு நாள் மேல்நூலை மட்டும் நெடுக நீட்டிக் கட்டைத் திரியாக நின்றால், ஏற்றம் களைத்துவிட்டது, இனி இறங்கக்கூடும். "கொட்டாஞ்சேனை அந்தோனியாருக்கு நேர்த்தி மெழுகுதிரியோ?" என்று கந்தோரில் கேலி செய்வார்கள். அவர் சிரித்துக்கொண்டே சிவப்புப் பென்சிலைச் சீவுவார்.

நெருப்புக் காய்ச்சலில் அவர் விழுந்ததும், டொக்டர் குறித்துவைக்கச் சொன்ன சூட்டை அவள் திரிகளாகவே கீறினாள். பத்து நாளும் திரிகள் படியேறின. திங்கட்கிழமை காலை நூற்றிமூன்று, மத்தியானம் நூற்றியைந்து, மூன்று மணிக்கு நூற்றியிரண்டு. நீண்ட மேல்நூல், கட்டைத் திரி. அவளுக்குச் சந்தோசத்தில் அழுகை வந்தது.

தந்தி வாசகம் எழுதிய துண்டோடு ஹாஷிம் நானா வாசலில் நின்றார். "அடிச்சிட்டு வரவா, தங்கச்சி? இப்ப போனாத்தான் அண்ணன் யாழ்ப்பாணத்தில இரவு மெயில் ரயிலப் புடிப்பார்."

அவள் தாளை ஐயாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். "ஐயா, திரும்பீட்டுது. இனியும் அண்ணைக்குத் தந்தி அடிக்க வேணுமோ?"

ஐயா வெகுநேரம் பார்த்தார். "பொறு," என்றார்.

அவள் ஹாஷிம் நானாவைத் திருப்பி அனுப்பிவிட்டு, தாளை ஐயாவின் கண்ணுக்கு நேரே சுவரில் ஒட்டினாள். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஐயா முடிந்துபோனார். "குடலுக்குள்ள புண் உடைஞ்சு ரத்தம் போயிருக்கு. அதாலதான் சூடு விழுந்தது," என்றார் டொக்டர். அதன் பிறகுதான் தந்தி போனது.

தாளின் கடைசி மூலையை அவள் எடுத்து முடிக்கும்போது வாசலில் றிக்‌ஷா நின்றது. அம்மா ஓடிப்போய் அண்ணனின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ஒரு நாள் முந்தி வந்திருந்தால் உன்னோட கதைச்சிருப்பாரடா! அந்தத் தந்தி ஏன் பிந்தினது?"

ஹாஷிம் நானா திங்கட்கிழமைத் தந்தித் துண்டு கிடந்த சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்.

ஐயாவின் காலடியில் இருந்து எழும்பி அண்ணன் நாகேந்திரம் அறைக்குள் வந்தான். அவள் தாளை ஒளிக்கவில்லை. ஒளிக்கத் தெம்பில்லை.

"நான்தான் மறிச்சனான், அண்ணை."

அவன் தாளை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பார்த்தான். அவனும் ஐயாவிடம் பழகியவன்தான்.

"ஐயா என்ன சொன்னவர்?"

"பொறு எண்டவர். தந்தியைப் பொறுக்கச் சொல்லுறார் எண்டு நினைச்சிட்டன்."

"ஒற்றைத் திரியை நம்பாதை, பொறு, அடுத்த நாள் திரியையும் பார் எண்டெல்லோ எப்பவும் சொல்லுவார்?"

"ஓம்."

அது அவளுக்கும் தெரியும். நேற்றுப் பதினொரு மணியிலிருந்து அது ஒன்றுதான் தெரியும். அண்ணன் ஏசினால் நல்லாயிருக்கும் என்று காத்திருந்தாள். அவன் ஏசவில்லை.

"திங்கட்கிழமை பின்னேரம் சும்மாதான் இருந்தனான்," என்றான். "ஸ்டேசன் பக்கம் நடக்கப் போனனான். மெயில் வெளிக்கிடுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டனான்."

கடற்கரைத் தண்டவாளத்தில் ஒரு ரயில் போனது.

"தம்பி, ஐயாவுக்குப் பெட்டி வந்திட்டுது. குளிச்சிட்டு வா," என்று அம்மா கூப்பிட்டாள். அவன் தாளை அவளிடம் தந்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனான்.

செவ்வாய்க்கிழமைக் கட்டம் வெறுமையாக இருந்தது. மேசையில் சூடு பார்க்கும் கண்ணாடிக் குழாய் இன்னும் தொண்ணூற்றேழில் நின்றது. அருந்ததி அதை எடுத்து, இரண்டு தரம் உதறி இறக்கி, உறைக்குள் போட்டாள்.