டிசம்பர் முப்பத்தொன்று மட்டும்தானா?

"பேங்க்காரன் டிசம்பர் முப்பத்தொண்ணாந் தேதி மட்டும்தான் பாப்பானா?" என்று நான் கேட்டதும் வீபெக்கே பென்சிலைக் கீழே வைத்தாள். என் மனைவி பென்சிலைக் கீழே வைத்தால், நான் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ வேண்டும் என்று அர்த்தம். முப்பது வருஷமாகப் பால் லாரி ஓட்டுகிறவன் கணக்கில் கேள்வி கேட்டால் வேறு என்ன கிடைக்கும்? எழுந்து குழாயைத் திறந்தேன்.

"உக்காரு ஹென்னிங். என்ன கேட்டே, திரும்பச் சொல்லு."

திரும்பச் சொன்னேன். அவள் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். காப்பி ஆறிப்போயிற்று. "இவ்வளவு நாளா இந்தக் கேள்விய எங்கடா வச்சிருந்தே?" என்றாள். நான் எங்கும் வைத்திருக்கவில்லை. அப்போதுதான் வாயில் வந்தது.

விஷயம் இதுதான். மாலைப் பள்ளியில் அவள் படிக்கிற பாடத்தில் பேங்கில் கடன் வாங்கிப் பங்கு வாங்குகிற மார்ஜின் வர்த்தகம் என்று ஒரு பகுதி, புள்ளியியல் என்று ஒரு பகுதி. எழுத்துத் தேர்வு கிடையாது, வாய்மொழிதான். பச்சைத் துணி போட்ட மேசைக்கு இந்தப் பக்கம் மாணவர். அந்தப் பக்கம் பாடம் நடத்தும் ஆசிரியர், பக்கத்தில் வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர். ஒரு சீட்டை எடுக்க வேண்டும். அதில் உள்ளதைப் பற்றி இருபது நிமிஷம் பேச வேண்டும். வீபெக்கே இரண்டு முறை எடுத்தாள், இரண்டு முறையும் ஒரு வார்த்தை பேசவில்லை. பால் சங்கத்தின் எடைமேடை ஜன்னலில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு அறுபது லாரிக்காரர்களை வாயாலேயே ஓட்டுகிறவள் அவள். என்னையும் அந்த ஜன்னல் வழியாகத் திட்டித்தான் கல்யாணம் செய்துகொண்டாள். அப்படிப்பட்டவளுக்கு எதிரே இரண்டு பேர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

எங்கள் நாட்டு மதிப்பெண் முறையில் பூஜ்யத்துக்குக் கீழேயும் ஒரு படி உண்டு, கழித்தல் மூன்று. முதல் முறை அவளுக்கு அதுதான் கொடுத்தார்கள். இரண்டாம் முறை பூஜ்யம். "மூணு மார்க் ஏறியிருக்கே" என்றேன். ஈரத் துணி என் காதை உரசிக்கொண்டு போயிற்று.

மூன்றாம் முறைதான் கடைசி. அதற்குமேல் உட்கார விடமாட்டார்கள். ஜூலை வரைக்கும் சங்கத்துக் கணக்கு அலுவலகத்தில் அவளுக்காக ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருக்கிறார்கள்; அது போனால் போகட்டும் என்றுதான் அவளும் சொன்னாள். அவளுக்கு உறுத்தல் வேறு. எல்லாம் தெரிந்தவளை ஒன்றும் தெரியாதவள் என்று எங்கோ ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார்கள், அது அப்படியே இருந்துவிடும்.

அதனால் பிப்ரவரியிலிருந்து தினமும் காலை ஐந்தரைக்கு, நான் லாரி எடுக்கப் போகும் முன், அவள் எனக்குப் பாடம் நடத்தினாள். நான் கறுப்பு ரொட்டியில் ஈரல் மசியலைத் தடவிக்கொண்டு கேட்பேன். நூறு பங்கு, ஒன்று இருநூறு குரோனர், மொத்தம் இருபதாயிரம். என் கையிலிருந்து எட்டாயிரம், பன்னிரண்டாயிரம் பேங்க் கடன். மொத்த மதிப்பில் கால் பங்காவது எப்போதும் என்னுடையதாக இருக்க வேண்டும். விலை நூற்றறுபதுக்கு இறங்கினால் மொத்தம் பதினாறாயிரம். பேங்க்குக்குப் பன்னிரண்டு போக எனக்கு நாலாயிரம். அது சரியாகக் கால் பங்கு. அதற்குக் கீழே ஒரு குரோனர் இறங்கினாலும் தொலைபேசி அடிக்கும். "இன்னும் பணம் போடு, இல்லேன்னா வித்துடுவேன்."

இது எனக்கு ஒரு வாரத்தில் புரிந்துவிட்டது. திட்டவிலக்கம் புரிய மார்ச் மாதம் முழுக்க ஆயிற்று. கடைசியில் என் லாரியை வைத்துத்தான் புரியவைத்தாள். கடற்கரையோரம் இரண்டு பண்ணைகளில் பால் எடுக்கிறேன். இரண்டிலும் கொழுப்பு சராசரி நாலேகால் சதவீதம். ஒருவன் பால் என்றைக்கும் நாலேகாலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். இன்னொருவனுடையது ஒரு நாள் மூன்றரை, ஒரு நாள் ஐந்து. "சராசரி ஒண்ணுதான். ஆனா எவன் வீட்டுக்குப் போறப்ப உனக்கு வயித்தக் கலக்கும்?" என்று கேட்டாள். அந்தக் கலக்கத்தின் அளவுதான் திட்டவிலக்கமாம். நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். பதினைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தாலும் எனக்கு இப்படி ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இனி அந்தக் கேள்வி. அவள் புத்தகத்தில் அந்தப் பங்கு வருஷத்துக்குச் சராசரி ஐந்து சதவீதம் ஏறும், திட்டவிலக்கம் இருபத்தைந்து. விலை இருநூறிலிருந்து நூற்றறுபதுக்கு வருவது இருபது சதவீத வீழ்ச்சி. சராசரிக்குச் சரியாக ஒரு திட்டவிலக்கம் கீழே. அப்படி நடக்க வாய்ப்பு நூற்றுக்குப் பதினாறு. விடைப் பக்கத்திலும் பதினாறு. அவளுக்குத் திருப்தி. நான்தான் கெடுத்தேன். அந்தப் பதினாறு, வருஷ முடிவில் விலை எங்கே நிற்கிறது என்பதற்கான கணக்கு. நடுவில் ஏப்ரலில் விழுந்து, அக்டோபரில் எழுந்துவிட்டால்? பேங்க்காரன் ஏப்ரலில் தூங்கிக்கொண்டா இருப்பான்?

மூன்று நாள் அவள் புத்தகமும் தாளுமாகவே இருந்தாள். நாலாம் நாள், சனிக்கிழமை, மேசையைத் துடைத்து ஒரு குரோனர் ஓட்டைக் காசை என் முன்னால் வைத்தாள். ஒரு வீச்சு ஒரு மாதம். கிரீடம் போட்ட பக்கம் விழுந்தால் விலை பதினைந்து குரோனர் ஏறும், மறுபக்கம் விழுந்தால் பதின்மூன்று இறங்கும். பன்னிரண்டு வீச்சு ஒரு வருஷம். "நூறு வருஷம் போடணும்" என்றாள். நான் வீசினேன், அவள் எழுதினாள். ஞாயிறு மாலை, ஆயிரத்து இருநூறாவது வீச்சில், நூறு வருஷம் முடிந்தது. வருஷ முடிவில் நூற்றறுபதுக்குக் கீழே நின்றவை பதினெட்டு. நடுவில் ஒருமுறையாவது கீழே போனவை இருபத்தேழு. ஒன்பது வருஷம், விழுந்து எழுந்து நல்ல பிள்ளையாக நின்றிருந்தது.

"அந்த ஒம்போது வருஷத்துலயும் பேங்க்காரன் உன் பங்க வித்துட்டான்" என்றாள் வீபெக்கே. "விலை திரும்ப ஏறினப்ப நீ அங்க இல்ல." முகம் சிவந்து, தலைமுடி கலைந்து, கையெல்லாம் பென்சில் கரியாக அவள் உட்கார்ந்திருந்த அழகை நான் யாரிடம் சொல்வது? எங்கள் ஊரில் தன்னைத்தானே மெச்சுகிறவனை யாரும் மதிப்பதில்லை. பெண்டாட்டியை மெச்சுகிறவனை அடுத்த விருந்துக்குக் கூப்பிடவே மாட்டார்கள். 'மோசமில்லை' என்பதுதான் இங்கே உச்சபட்சப் புகழ்ச்சி. என் மாமனார் பேத்தி பிறந்தபோது எட்டிப் பார்த்துச் சொன்ன ஒரே வார்த்தை அது. நானும் அன்று "மோசமில்ல" என்றுதான் சொன்னேன். எழுதுவதற்குத் தடை இல்லையே, அதனால் எழுதுகிறேன். எனக்கு மார்பு விம்மியது. இந்த ஜில்லாவிலேயே இவளைவிடக் கெட்டிக்காரி கிடையாது.

ஜூன் பதினேழு, காலை பத்தரைக்குத் தேர்வு. எங்கள் நாட்டில் வாய்மொழித் தேர்வுக்குக் கதவு திறந்தே இருக்கும். யார் வேண்டுமானாலும் பின்னால் உட்கார்ந்து கேட்கலாம். வாய் திறந்தால் வெளியே. வீபெக்கே காரிலேயே சொல்லிவிட்டாள், "நீ உள்ள வந்தா எனக்கு எல்லாம் மறந்துடும். நடைபாதையிலயே இரு." இருந்தேன். சீட்டு எடுத்தாள். தனி அறையில் தயார் செய்துவிட்டு வந்தாள். அவள் கையிலிருந்த சீட்டை எட்டிப் பார்த்தேன்: மார்ஜின் வர்த்தகம், அதோடு இயல்நிலைப் பரவல், திட்டவிலக்கமெல்லாம் வருகிற பகுதி. எங்கள் சமையலறைப் பாடமேதான். ஆனால் அவள் முகத்தில் ரத்தமே இல்லை. கதவுவரை போனவள் திரும்பினாள்.

"வா. பின்னாடி உக்காரு. மூச்சு விடாதே."

ஆசிரியர் லாஸ்ஸே, முப்பது வயது இருக்கும், நல்ல பையன். தேர்வாளர் டோர்தே என்ற அம்மாள், ஆல்போர்கிலிருந்து வந்திருந்தார், கண்ணாடியைத் தலைமேல் தூக்கி விட்டிருந்தார். "ஆரம்பிக்கலாம் வீபெக்கே" என்றார் லாஸ்ஸே. வீபெக்கே ஆரம்பிக்கவில்லை. சுவரில் கடிகாரம் இருந்தது. ஒரு நிமிஷம் போயிற்று. "மார்ஜின்னா என்னன்னு சொல்லுங்களேன், அதுலேருந்து போவோம்." இரண்டு நிமிஷம். லாஸ்ஸே தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அது வலித்தது என்று எனக்குத் தெரிந்தது. பின்வரிசையில் உட்கார்ந்து நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். கத்திவிடுவேனோ என்று பயமாக இருந்தது. கழித்தல் மூன்று என் கண்ணுக்கு முன்னால் நின்றது.

அப்போது வீபெக்கே எழுந்தாள். போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் நாற்காலியைத் தூக்கி, பாதி என் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"இங்க பாரு" என்றாள் என்னிடம். "உங்கிட்ட எட்டாயிரம் குரோனர் இருக்கு."

தலையாட்டினேன். தலையாட்டுவது பேச்சில் சேருமா என்று உடனே கவலை வந்தது.

"வீபெக்கே, நீங்க எங்களப் பாத்துத்தான்..." என்று லாஸ்ஸே இழுத்தார்.

"விடுங்க லாஸ்ஸே" என்றார் டோர்தே. "எந்தப் பக்கம் பாத்துப் பேசினாலும் நமக்குக் கேக்கும்."

அதற்கப்புறம் நிறுத்த யாராலும் முடியவில்லை. எட்டாயிரம், பன்னிரண்டாயிரம், கால் பங்கு, நூற்றறுபது. கடற்கரைப் பண்ணைகளின் பால் வந்தது. டோர்தே அம்மாள் "அந்த ரெண்டாவது பண்ணைக்காரர் யாரு?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டார். வீபெக்கே பலகையில் மணி வடிவத்தில் ஒரு கோடு வரைந்து, இடது ஓரத்தை அடைத்துக் காட்டினாள். நூற்றுக்குப் பதினாறு.

"ரொம்ப சரி" என்றார் லாஸ்ஸே. குரலில் அவ்வளவு நிம்மதி. "அப்போ அடுத்து..."

"இன்னும் முடியல. இவரு இப்ப ஒரு கேள்வி கேப்பாரு."

"யாரு?"

"அங்க பின்னாடி உக்காந்திருக்காரே."

"அவர் பேசக் கூடாதே."

"தெரியும். அதான் அவருக்காக நானே கேக்கறேன். பேங்க்காரன் டிசம்பர் முப்பத்தொண்ணாந் தேதி மட்டும்தான் பாப்பானா?"

வீட்டில் ஒரு நாளும் கிடைக்காத மரியாதை, 'இவரு', 'கேப்பாரு' என்று. எனக்குக் காது சூடாகிவிட்டது. டோர்தே கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மூக்கில் வைத்துக்கொண்டார். வீபெக்கே பலகையில் வேறு ஒரு கோடு போட்டாள், இறங்கி, நூற்றறுபதைத் தாண்டிக் கீழே போய், மறுபடி ஏறுகிற கோடு. பதினாறு என்பது குறைந்தபட்சம் என்றாள். உண்மை அதைவிட அதிகம், எவ்வளவு அதிகம் என்று சூத்திரம் போடத் தனக்குத் தெரியாது, அதனால் காசு வீசிப் பார்த்தோம் என்று சொல்லி, நூற்றுக்குப் பதினெட்டு, இருபத்தேழு என்று பலகையில் எழுதினாள்.

"எத்தனை தடவை?" என்று கேட்டார் டோர்தே.

"ஆயிரத்து எரநூறு."

"கையாலயா?"

"இவரு கையால. எழுதினது நான்."

"கணக்குல பதினாறு. உங்களுக்குப் பதினெட்டு வந்திருக்கு. ஏன்?"

"நூறு வருஷந்தானே போட்டோம். இன்னொரு நூறு போட்டா பதினாலு வரும், இருபதும் வரும். போட்டிருப்பேன். இவருக்குக் கட்டை விரல் வீங்கிடுச்சு."

லாஸ்ஸே சிரித்துவிட்டார். டோர்தே சிரிக்கவில்லை, எதையோ நிறைய எழுதிக்கொண்டிருந்தார். நேரம் முடிந்துவிட்டது என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

மதிப்பெண்ணை அவர்கள் இருவரும் பேசி முடிக்கும்வரை வெளியே நிற்க வேண்டும். நடைபாதையில் எனக்குக் கால் தரிக்கவில்லை. அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம், அவ்வளவு எழுதியதற்கு என்ன அர்த்தம், முதல் இரண்டு நிமிஷ மௌனத்துக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்று என் மண்டைக்குள் ஒரே ஓட்டம். பெஞ்சில் இன்னும் சீட்டு எடுக்காத ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மாய்கென் என்று பெயர், வீபெக்கேயின் வகுப்புத்தான், மருத்துவமனைத் தாதி. மடியில் புத்தகம் திறந்து கிடந்தது. அதை அவள் பார்க்கவில்லை, எதிர்ச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அந்த மார்ஜின் கணக்குக் கடைசி வரைக்கும் பிடிபடவே இல்ல, வீபெக்கே" என்றாள். "அது வந்துச்சுன்னா நான் வாயே தொறக்க மாட்டேன்."

"அட, அது ஒண்ணுமே இல்லம்மா. நகந்து உக்காரு."

வீபெக்கே பெஞ்சில் இடம் பிடித்து, அந்தப் பெண்ணின் பென்சிலை வாங்கிக்கொண்டாள். "உங்கிட்ட எட்டாயிரம் குரோனர் இருக்கு" என்று தொடங்கினாள். தன் தேர்வு முடிவு வர இருக்கிறது என்பதே அவளுக்கு நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை. நான் கதவைப் பார்ப்பதும் அவளைப் பார்ப்பதுமாக நின்றேன்.

கதவு திறந்தது. லாஸ்ஸே கையில் ஒரு தாளோடு நின்றார். "வீபெக்கே, வாங்க."

வீபெக்கே திரும்பவில்லை. இடது கையை மட்டும் அவர் பக்கம் உயர்த்தினாள், கொஞ்சம் பொறு என்று எடைமேடை ஜன்னலில் லாரிக்காரர்களுக்குக் காட்டுவதுபோல. வலது கையால் புத்தகத்தின் ஓரத்தில் கோடு இழுத்துக்கொண்டே இருந்தாள். லாஸ்ஸே என்னைப் பார்த்தார். நான் தோளைக் குலுக்கினேன். உள்ளேயிருந்து டோர்தே அம்மாளும் எழுந்துவந்து அவருக்குப் பின்னால் நின்றார். இருவரும் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார்கள், தாள் லாஸ்ஸேயின் கையில் மடங்கிக் கிடந்தது.

"இப்ப நீ சொல்லு" என்றாள் வீபெக்கே, உயர்த்திய கையை இறக்காமல். "விலை நூத்தம்பத்தெட்டுக்கு வந்துடுச்சு. மொத்தம் எவ்வளவு? அதுல உன்னோடது எவ்வளவு? அவசரமே இல்ல, மெதுவாச் சொல்லு."

மாய்கென் வாயைத் திறந்தாள். நாங்கள் நாலு பேரும் காத்திருந்தோம்.