காசில்தாவின் வேனில் ஒரு வீத்தோர்

காசில்தா ஏழாவது தடவையில் டிரைவிங் டெஸ்டில் தேறிவிட்டாள். தேறி நாலு நாளாகியும் ரொட்டி வேன் வாசலை விட்டு நகரவில்லை. புருஷன் ஃபாபியானுக்குக் கண் மங்கிவிட்டது. ஆற்றுக்கு அக்கரையிலிருக்கும் மூன்று ஊர்களுக்கு இனி அவள்தான் ரொட்டி கொண்டுபோக வேண்டும். திங்கட்கிழமையும் வராவிட்டால் வேறு பேக்கரி பார்த்துக்கொள்வோம் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லியனுப்பியிருந்தார்கள். அன்றைக்குத் திங்கட்கிழமை.

"டெஸ்டுல பக்கத்துல ஒரு ஆள் உக்காந்திருந்தாரு. தனியா எப்படிப் போவேன்?" என்றாள் என்னிடம். எதிர்வீட்டுக்காரி நான், எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

கசாப்புக்கடை ஹெர்வாசியோ ஒரு வாளியோடு வந்தான். ஸ்பெயினில் எங்கள் சலமாங்கா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர் பெயரைக் காளை ரத்தத்தால் சுவரில் எழுதி, 'வீத்தோர்' சின்னம் போடுவது பழைய வழக்கம். அவன் அதை வேனின் பின்கதவில் போட ஆரம்பித்தான்.

"டேய், அது படிச்சவங்களுக்குடா!" என்றார் ஃபாபியான்.

"யாரு சொன்னா? லத்தீன்ல ஜெயிச்சவன்னு அர்த்தம், அம்புட்டுதான். மொதல்ல அது தெருச்சனம் போட்ட கூச்சல். ஜெயிச்சவனைத் தூக்கிக்கிட்டு ஊரே கத்துச்சு. சுவத்துக்கெல்லாம் பெறகுதான் போச்சு."

"நான் எதைடா ஜெயிச்சேன்? அழி முதல்ல," என்றாள் காசில்தா.

அழிக்க வேண்டிய அவசியமே வரவில்லை, கண்ணுகளா. அந்தக் காலத்தில் ரத்தத்தோடு எண்ணெயும் இன்னும் என்னென்னவோ கலப்பார்கள். இவன் வெறும் ரத்தத்தைக் கொண்டுவந்திருந்தான். ஜூலை வெயில். முதலில் ஒரு நாய் வந்து நக்கியது. அப்புறம் நாலு. ரொட்டி வாசனை பிடித்ததும் திறந்திருந்த பக்கக் கதவுக்குள் ஒன்று தலையை விட்டது.

"ஐயோ, ரொட்டி!"

கதவை அறைந்து சாத்தி, ஓடி ஏறி, சாவியைத் திருகிவிட்டாள். யோசிக்கவே இல்லை.

"ஹேண்ட்பிரேக்கை எடுடி!" என்று ஃபாபியான் கத்தினார்.

வேன் ஒரு குதி குதித்துக் கிளம்பியது. பின்னாலேயே நாய்கள். எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, யார் ஆரம்பித்தார்களோ, தெருவே "வீத்தோர்! வீத்தோர்!" என்று அலறியது.

பாலத்து முனையில் நாய்கள் நின்றுவிட்டன. ஜன்னலுக்கு வெளியே அவள் கை நீண்டு, ஜோராக இடப்பக்கம் காட்டியது. வேன் வலப்பக்கம் திரும்பி, பாலத்தில் ஏறியது.