தட்டிவிட்டுத் திறந்த கதவு

...அப்படியானால் தட்டச் சொன்னதே இந்த இயக்குநர்தான், அந்த மனிதராகத் தட்டவில்லை, சே, கேட்காமலே இருந்திருக்கலாம், வெட்டி வைத்த காட்சியின் முனையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் பார்த்ததில் வந்த வினை, இழுத்தால் இயக்குநரின் குரல் உள்ளே கிடக்கிறது, "அப்பா, இந்தத் தடவ கதவைத் தட்டிட்டுப் போங்க, சரியா?" என்று தேனொழுக. அதற்கப்புறம்தான் அந்தப் பேருந்து ஓட்டுநர் நடந்து வருகிறார், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்ட மகளின் அறைக் கதவைத் தட்டுகிறார், நிற்கிறார், திறக்கிறார். இந்த ஆவணப்படத்தைப் போட்டுக் காட்டிய இடத்திலெல்லாம் ஆட்கள் மூக்கை உறிஞ்சியது அங்கேதான். வெட்டி ஒட்டியே இடுப்பு விட்டுப்போன படத்தொகுப்பாளர், இவளுமல்லவா அழுதாள், எத்தனை அழுகையை நறுக்கித் தள்ளிய கை இது! யாரைப் பார்த்தாலும் அப்பா, அம்மா என்று கூப்பிட்டுவிடுவார் இயக்குநர், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். மற்றபடி ஒரு குறை சொல்ல முடியாது, எப்படி இறந்தாள் என்று காட்டவில்லை, இதுதான் காரணம் என்று எதையும் நட்டுவைக்கவில்லை, முடிவில் உதவி எண் போட்டாயிற்று, மனநல மருத்துவர் பார்த்துத் தலையாட்டியாயிற்று... கதவைத் தட்டச் சொல்லலாமா என்று எந்த மருத்துவரிடம் போய்க் கேட்பது?

முதல் தடவை எடுத்ததில் அவர் தட்டவே இல்லை. தன் வீட்டு அறைக்குள் போகிற மாதிரி விறுவிறுவென்று வந்து, திறந்து, உள்ளே போய்விடுகிறார். பேட்டியிலேயே சொன்னாரே, "தட்டிட்டு வாங்கப்பான்னு கத்துவா, என் வீட்ல நான் எதுக்குத் தட்டணும்னு நானும் பதிலுக்குக் கத்துவேன்" என்று, சொல்லிவிட்டு வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, படம் நீளுகிறது என்று அதைத் தூக்கிப் போட்டது யார், சாட்சாத் இவளேதான். இப்போது பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள், பாவம், எத்தனை மரியாதை தெரிந்த அப்பா, அப்படித்தானே? காலையில் இயக்குநரிடம் மல்லுக்கு நின்றாள், "செய்யாததைச் செஞ்சவர் மாதிரி காட்டுறோம் சார்." "அவர் கண்ணுல வந்த தண்ணி பொய்யா?" என்றார் அவர், நல்ல கேள்விதான், நாசமாய்ப் போக. "அப்போ அவரையே கூப்பிட்டுக் கேப்போம், வேணாம்னா எடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னபோது பெரிய நியாயவாதி மாதிரி இருந்தது. இப்போது யோசித்தால்... பெற்றவரின் தலையில் பாரத்தை இறக்கிவைத்துவிட்டு நாம் கையைக் கழுவிக்கொள்வதா, இதற்குப் பெயர் சம்மதமா?

வந்துவிட்டார். மதிய வேலையை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுத்துவிட்டு, சீருடையோடு, முகம் மழித்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறார், தண்ணீர் வேண்டுமா என்றால் வேண்டாம் என்கிறார், குளிரைக் குறைக்கவா என்றால் பரவாயில்லை என்கிறார். இவள் இரண்டையும் போட்டாள், தட்டாமல் போவதை முதலில், தட்டிவிட்டுப் போவதை அடுத்து. முதலாவதில் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாவதில் முன்னால் சாய்ந்தார், உதடு அசைந்தது, இவள் திரையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லுங்கள் ஐயா, ஒரு வார்த்தை சொல்லுங்கள், நான் நிம்மதியாக வீட்டுக்குப் போவேன், இந்த இயக்குநரும் வாயை மூடுவார்...

"ஐயா, ரெண்டாவது நாங்க சொல்லி நீங்க செஞ்சது. அது இருக்கணுமா, எடுத்துடவா? நீங்க சொல்றதுதான்."

"இருக்கட்டும்மா." கொஞ்சம் தயங்கினார். "இன்னொரு தடவ எடுக்க முடியுமா?"

"ஏங்கப்பா, நல்லாத்தானே வந்திருக்கு" என்றார் இயக்குநர், ஆனால் முதுகு நிமிர்ந்துவிட்டது.

"இல்ல தம்பி, சட்டுனு திறந்துட்டேன் பாருங்க. தட்டினா, வாங்கன்னு உள்ள இருந்து சொல்ற வரைக்கும் நிக்கணும்ல... இந்தத் தடவ நிக்கிறேன்."

இயக்குநரின் கை கைபேசிக்குப் போவதை இவள் பார்த்தாள், ஒளிப்பதிவாளரைத்தான் கூப்பிடப் போகிறார், வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள், யாருக்காக வேண்டாம், படத்துக்கா, இந்த மனிதருக்கா, இல்லை எனக்கா... பொய் என்று நான் வெட்டி எறிய நினைத்த இடத்தில் இவர் போய் நிற்கவல்லவா கேட்கிறார், நிற்கட்டுமே, ஆசை தீர நிற்கட்டும், ஆனால் நின்றதெல்லாம் கடைசியில் இந்த மேஜைக்குத்தானே வரும், இத்தனை நேரம் நின்றது போதும் என்று வெட்டப்போவது யார், நான்தானே.