பாறையைத் தாண்டிய குழாய்

1964 மாசி பிறந்த முதல் ஞாயிறு. சந்தை முடிந்து ராக்காயி எங்கள் இரும்புக் கடைக்கு வந்தாள். மலைமேல் பள்ளங்கி ஊர்க்காரி. நாற்பது நாள் முன்புதான் அவள் புருஷன் நல்லசாமி, வயலுக்கு மேலே ஓடைப் பாறையில் விடியற்காலைப் பனியில் வழுக்கி விழுந்து இறந்திருந்தார். அவள் தோளில் நீலப் பிளாஸ்டிக் குழாய் சுருண்டு தொங்கியது. போன ஐப்பசியில் அதை அவருக்கு விற்றவன் நான்தான், சேனாதிபதி.

"இதைவிட நல்லதா ஒண்ணு குடுங்கண்ணே. பூண்டு திரள்ற நேரம். இந்த வாரம் தண்ணி காட்டலைன்னா சுண்டக்கா கணக்காத்தான் வரும். கொழுந்தன் குடத்துல சுமந்து ஊத்தினாரு. இப்ப இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு 'நான் என்ன கழுதையா மதினி'ங்கிறாரு."

நான் சிரிக்கவில்லை. அவள் நீலக் குழாயை மேசைமேல் போட்டாள்.

"மொதல்ல இது ஏன் நின்னு நின்னு போச்சுன்னு சொல்லுங்க. அதைச் சரி பண்ணத்தான் அவரு வெள்ளனே ஏறினாரு."

எதைக் கேட்டாலும் அடியிலிருந்து விளக்குவது என் வழக்கம். அன்றும் வாய் தானாகத் தொடங்கிவிட்டது. ஓடைக்குட்டை மேலே, வயல் கீழே, நடுவில் இடுப்பளவு பாறை மேடு. குழாய் முழுக்கத் தண்ணீர் இருந்தால் கீழே இறங்குகிற தண்ணீரின் கனம், குட்டையில் இருப்பதை மேட்டைத் தாண்டி இழுத்துவரும். கிணற்று உருளையில் கயிறு ஓடுகிற மாதிரி. நடுவில் காற்று புகுந்தால் கயிறு அறுந்த கணக்கு.

"ஓட்டை இருந்தா தண்ணி பீச்சுமே? தடவித் தடவிப் பாத்தாரு. ஒரு சொட்டு ஒழுகல."

"தெருப் பைப்புல மாட்டினா பீச்சும், தாயி. பாறை உச்சியில பீச்சாது. அங்க தண்ணி வெளியே தள்ளுறதில்ல, வெளிக்காத்து உள்ள அமுக்குது. அந்த ஓட்டை தண்ணியை விடாது, காத்தைக் குடிக்கும்."

குழாயை வளைத்துக் காட்டினேன். பாறைமேல் கிடந்த இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு திறந்து மூடியது.

"விக்கும்போது சோதிக்கலையா?"

விளக்கம் வந்து சேர்கிற இடம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நிறுத்தியிருக்கலாம்.

"சோதிச்சேன். கடைப் பைப்புல மாட்டி, மறுமுனையை விரலால அடைச்சுப் பாத்தேன். அது உள்ளேருந்து தள்ளுற சோதனை. உங்களுக்கு வேண்டியது வேற. பனியில இறுகி வெடிக்கும்னும் யோசிக்கல. அவரு ரப்பரைத்தான் தொட்டுப் பாத்தாரு. கனமா இருக்கேன்னு நாந்தான் பிளாஸ்டிக்கை எடுத்துக் குடுத்தேன். இது நிக்காம ஓடியிருந்தா அவரு ஏறியிருக்க மாட்டாரு."

அவள் நீலக் குழாயை மேசை ஓரமாகத் தள்ளினாள். பிறகு, "அப்ப இந்தத் தடவை நீங்களே பாத்து எடுத்து, நீங்களே ஏறி மாட்டுங்க" என்றாள்.

கித்தான் குழாயை எடுக்கவே இல்லை. தண்ணீர் தள்ளினால்தான் அது உருண்டு நிற்கும், இழுத்தால் நாடாவாகிவிடும். மெல்லிய சிவப்பு ரப்பரின் ஒரு முனையை அடைத்து மறுமுனையை உறிஞ்சினேன். ஒட்டிப்போனது. கறுப்பு ரப்பரின் வெட்டுவாயில் துணி இரண்டு சுற்று தெரிந்தது. முழங்கையைச் சுற்றி வளைத்தாலும் வட்டம் குலையவில்லை. உறிஞ்சியதும் குழாய் அசையாமல் என் நாக்கைத்தான் இழுத்தது.

"விட்டுப் பிடிங்கண்ணே. நாக்கு போச்சுன்னா யாரு விளக்கம் சொல்றது?" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை.

மறுநாள் காலை பள்ளங்கியில் மூடுபனி. பாத்தி ஓரத்தில் அவள் நின்றுகொண்டாள். குழாயின் கீழ்முனையில் துணி சுற்றிய மர ஆப்பை அடித்துவிட்டு, மேல்முனையோடு நான் பாறை ஏறினேன். முதலில் செம்பால் தண்ணீர் ஊற்றிக் குழாயை நிரப்ப வேண்டும். முனையை முழங்கால்மேல் நிறுத்தினேன்.

உள்ளிருந்து மூச்சு வந்தது.

இரண்டு சிறியது, ஒரு பெரியது. பஜார் ஏற்றம் ஏறி வந்து கடை வாசலில் நின்று நல்லசாமி வாங்குகிற மூச்சு.

பயப்படவில்லை, முதலில். புட்டி வாயில் காற்று பட்டால் ஊதும். அடைத்த குழாயும் ஒரு புட்டிதான். ஆனால் பாறை இடுக்கில் ஒரு புல் நுனிகூட அசையவில்லை.

"தாயி, கீழ் வாயில ஊதுறீங்களா?"

"ஆப்பு அடிச்சுல்ல கெடக்கு! ஊதுறதுக்கு நான் என்ன நாயனக்காரியா?"

தண்ணீர் ஊற்றினேன். குடம் நிரம்ப நிரம்ப அதன் ஒலி மெலிந்து கீச்சென்று ஆகும். உள்ளே காற்றுக்கு இடம் குறைவதால் அப்படி. குழாயிலும் அப்படித்தான் ஆகவேண்டும். ஆகவில்லை. கடைசி ஒரு விரற்கடை வரைக்கும் அதே மூச்சு, அதே கனம். தண்ணீர் விளிம்பைத் தொட்டதும் நின்றது. உள்ளங்கையால் பொத்தி, முனையைக் குட்டைக்குள் அமுக்கிக் கல் வைத்தேன்.

"ஆப்பைப் பிடுங்குங்க!"

"வந்துருச்சு!"

உட்கார்ந்தபடியே, கையை ஊன்றி ஊன்றி இறங்கி வந்தேன். பூண்டுத் தாள்களுக்கு நடுவே தண்ணீர் நிற்காமல் பரவிக்கொண்டிருந்தது. ராக்காயி அதைப் பார்த்தபடியே கேட்டாள்.

"கேட்டுச்சா?"

நான் ஈரக் கையை வேட்டியில் துடைத்தேன்.

"நாப்பது நாளா பழைய குழாயில எனக்குக் கேட்டுச்சுண்ணே. குழாய்க் கோளாறா, அவருதானான்னு தெரியல. அதான் நல்ல குழாயாக் கேட்டேன். உங்களையும் ஏறச் சொன்னேன். புதுசுல கேக்குதா?"

புட்டியும் காற்றும் என் நாக்கு நுனி வரை வந்தன.

"கேக்குது தாயி."

அவள் தலையசைத்தாள். பிறகு குனிந்து குழாய் முனையை எடுத்தாள். நிரம்பிய குழாய் கனம். நானும் ஒரு கை பிடித்து, இருவருமாக அடுத்த பாத்திக்கு இழுத்தோம்.