ஒன்று மட்டும் புதுப்பிக்கப்படவில்லை

மூடியிருக்கும் டப்பாவைத் திறந்து பார்க்காவிட்டால் மலர்கொடிக்குச் சோறு இறங்காது. அந்தக் குணத்தால் சின்ன வயதில் அம்மாவிடம் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். திருந்தவில்லை.

நெய்வேலி நகரியத்தில் ஒரு சின்ன கம்பெனியில் அவளுக்குக் கான்ட்ராக்ட் வேலை. கம்மாபுரம் பக்கத்துக் கிராமங்களில் நாற்பத்திரண்டு போர் கிணறுகளில் நீர்மட்டம் அளக்கும் பெட்டிகள் இருந்தன. அவை மணிக்கொரு தடவை அனுப்பும் அளவை அலுவலகத்து லினக்ஸ் சர்வர் வாங்கி வைக்கும். அந்தச் சர்வரைக் கட்டி மேய்ப்பது அவள் பொறுப்பு. அதில் மவுஸ் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால்தான் காரியம் நடக்கும்.

வெள்ளிக்கிழமை சர்வருக்குத் தணிக்கை. மேனேஜர் அறிவழகன் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

"பழைய பேக்கேஜ் ஒண்ணுகூட இருக்கக் கூடாதும்மா. ரிப்போர்ட்ல ஜீரோ வந்தாத்தான் உன் கான்ட்ராக்ட் ரினியூ ஆவும்."

செவ்வாய்க்கிழமை மலர்கொடி அப்கிரேட் கட்டளையைத் தட்டினாள். எங்கோ இருக்கும் ரெப்பாசிட்டரிகள் என்ற மென்பொருள் கிடங்குகளிலிருந்து நூற்றுச்சொச்சம் பேக்கேஜ்கள், அதாவது சர்வரை ஓட்டும் சின்னச் சின்ன மென்பொருள்கள், வரிசையாக இறங்கி, பழையதைத் தள்ளிவிட்டுத் தங்கள் இடத்தில் உட்கார்ந்தன. கடைசி வரி மட்டும் இடித்தது: ஒன்று புதுப்பிக்கப்படவில்லை. மறுபடி தட்டினாள். அதே ஒன்று.

யாரோ அதை ஹோல்டில் போட்டிருந்தார்கள். அளவுப் பெட்டிகள் அனுப்புவதைப் படித்துப் புரிந்துகொள்ளும் சின்ன பேக்கேஜ் அது. 'புதுசு வந்தாலும் நீ அசையாதே' என்று ஒருவர் வேலை மெனக்கெட்டுச் சொல்லிவைத்திருக்கிறார். ஏன் என்று ஒரு வரி எழுதி வைக்கவில்லை. ஹோல்டை எடுக்க ஒரே கட்டளை போதும். வேறு யாராக இருந்தாலும் எடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள்.

மலர்கொடி போகவில்லை. மூலையில் சும்மா கிடந்த கம்ப்யூட்டரில் சர்வருக்கு ஒரு நகல் எடுத்தாள். நகலில் ஹோல்டை எடுத்துப் புதிய பேக்கேஜைப் போட்டு, அன்று வந்த அளவுகளையே அதற்கும் கொடுத்துப் பார்த்தாள். நாற்பத்தோரு கிணறுகள் ஒழுங்காக வந்தன. பதினேழாம் கிணற்றுக்கு அளவு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. பிழை என்று ஒரு வார்த்தை? ஊஹூம். சத்தமில்லாமல் விழுங்கிவிட்டிருந்தது. அந்த ஒன்றுக்கு மட்டும் என்ன வந்தது?

மறுநாள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பதினேழாம் கிணற்றுக்கே போய்விட்டாள். மற்ற இடங்களில் பளபளவென்று புதுப் பெட்டி. இங்கே துருப்பிடித்த பழைய மாடல். நிலத்துக்காரி ராஜாம்பாள் மோட்டார் கொட்டகையிலிருந்து வந்தாள்.

"எல்லா எடத்துலயும் பொட்டிய மாத்திக்கினு வந்தாங்க. இங்க வரச்ச புதுப் பொட்டி தீந்துபோச்சாம். இன்னிய வரைக்கும் வரல."

புதிய பேக்கேஜுக்குப் பழைய பெட்டியின் பேச்சு புரியவில்லை. அவ்வளவுதான் விஷயம். மலர்கொடிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ராஜாம்பாள் அடுத்துச் சொன்னதில் அது வடிந்துவிட்டது.

"தண்ணி கீழ போவுதுன்னு கலெக்டர் ஆபீசுல மனு குடுத்துக்கினு இருக்கேன். மூணு வருசம் வுடாம அளவு இருந்தாத்தான் எடுப்பாங்களாம். இந்த ஆடியோட மூணு முடியுது. நடுவுல வுட்டுப்போனா மறுபடி மொதல்லேர்ந்தாம். நம்ம அளவு ஒழுங்காத்தான போயிக்கினு இருக்குது?"

"போவுதுங்க" என்றாள் மலர்கொடி. பயமாக இருந்தது.

திரும்பும் வழியில் வண்டியை ஓரங்கட்டிச் செந்தில்நாதனைப் போனில் கூப்பிட்டாள். அவளுக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்தவர். கோயம்புத்தூரில் பர்மனென்ட் வேலை கிடைத்துப் போய்விட்டதாக ஆபீசில் பேச்சு. அதைச் சொல்லி விசாரித்துவிட்டு, ஹோல்டைப் போட்டது அவர்தானா என்று கேட்டாள்.

"பர்மனென்டா? யாருங்க சொன்னது?" அவர் சிரித்தார். "வடலூர்ல செல்போன் ரிப்பேர் பண்ணிட்டு இருக்கேன். அந்த ஹோல்டை எடுக்கச் சொன்னாங்க, எடுக்கல. என் கான்ட்ராக்ட்டை ரினியூ பண்ணல."

"ஏன்னு சொல்லலையா நீங்க?"

"வாயால சொன்னேன். ஒத்த கிணத்துக்காகவான்னு கேட்டாங்க. எழுதி வைக்கலை, அது என் தப்பு. ஏன்னு கேட்டு போன் பண்ணுன மொத ஆளு நீங்கதான்."

அன்று முழுக்க மலர்கொடிக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. பேசாமல் டப்பாவைத் திறக்காமலே இருந்திருக்கலாம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ரிப்போர்ட்டைத் திறந்தாள். ஓரத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம். போன வருஷத்து ரிப்போர்ட்டையும் எடுத்துப் பார்த்தாள். செந்தில்நாதன் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். அவள் தட்டினாள்:

'கிணறு 17. ராஜாம்பாள் நிலம். பழைய பெட்டி. இந்தப் பேக்கேஜை மாற்றினால் அளவு நின்றுவிடும். புதுப் பெட்டி வைக்கும்வரை ஹோல்டை எடுக்கக் கூடாது. இன்று காலை எட்டு மணி நீர்மட்டம்: 212 அடி. மலர்கொடி.'

அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது அறிவழகன் பின்னால் வந்து நின்றார்.

"ஜீரோ வந்துடுச்சாம்மா?"

"இல்ல சார்," என்றாள். "ஒண்ணு."