பாதை மட்டும், ஆள் வேண்டாம்

உமுலிசாவின் இரண்டு கால்களுக்கு அவள் புருஷன் செமான்சா வைத்த விலை மூன்று லட்சத்து ஐம்பதாயிரம் ஃபிராங்க். கால்களையா விற்றான் என்று கேட்காதீர்கள். விற்கப் பார்த்தது அவள் ஓட்டும் பந்தய சைக்கிளை. அது போய்விட்டால் அந்தக் கால்களுக்கு வீட்டுக்கும் சந்தைக்கும் நடப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. முசான்சேயில் பெண்கள் அணியின் பயிற்சி முகாமில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. சைக்கிள் இல்லாதவளுக்கு அங்கே கட்டில் கிடையாது.

செமான்சா ஒரேயடியாக மறுக்கவில்லை. தலைநகர் கிகாலியின் நியாபுகோகோ சந்தையில் வளர்ந்த எங்கள் ஆட்களுக்குப் பேரம் பேசாமல் மறுக்கக்கூட வராது. "கிகாலியிலேர்ந்து முசான்சே வரைக்கும் என் நேரத்துக்குள்ள போயிடு, சைக்கிள் உனக்கு. இல்லேன்னா வாங்குற ஆள் அங்கயே பணத்தோட நிப்பான்" என்றிருந்தான். ஆறு வருடங்களுக்கு முன் அந்த மலைப்பாதையை அவன் மூன்றேகால் மணி நேரத்தில் ஓட்டியவன். அதை அவன் சொல்லாத பீர்க்கடை எங்கள் பேட்டையில் இல்லை.

நான் சைக்கிள் உதிரிப் பாகம் விற்பவன். கைப்பிடியில் மாட்டும் ஜிபிஎஸ் கருவிகளுக்குப் பாதை ஏற்றிக் கொடுப்பதும் உண்டு. கடை இருக்கும் அறை செமான்சாவுக்குச் சொந்தம். இதை நீங்கள் மறந்தாலும் நான் ஒரு நாளும் மறந்ததில்லை.

பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு உமுலிசா கருவியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"மேடு எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு காட்டினா போதும்ண்ணே. பாதை மட்டும். ஆள் வேணாம்."

"ஆளா?"

"அவர் அன்னிக்கு ஓட்டினப்ப பதிஞ்ச ஃபைலைத் தர்றேங்கிறார். வீட்ல பாக்குறது பத்தாதா? கைப்பிடியிலயும் அவர் மூஞ்சியா?"

நான் பதில் சொல்வதற்குள் அந்த மூஞ்சியே வாசலில் வந்து நின்றது.

"என்ன, ரெண்டு பேரும் எனக்குக் குழி வெட்டுறீங்களா?"

"ஃபைல் எந்த வகைல போடலாம்னு பேசிட்டு இருந்தோம் மொதலாளி."

"எத்தனை வகை இருக்கு?"

"மூணு. ஜிபிஎக்ஸ்னா பாதை மட்டும். நான் வெறும் புள்ளியாத்தான் ஏத்துவேன்."

"பாதை மாட்டுக்கே தெரியும். அடுத்தது?"

"ஃபிட். அது கருவியோட சொந்த பாஷை. பூட்டின பெட்டி மாதிரி. நீங்களோ நானோ திறந்து படிக்க முடியாது."

"என் நேரத்த யாருமே படிக்க முடியாதா? அப்ப எதுக்கு அது? அடுத்தது சொல்லு."

"டிசிஎக்ஸ். பாதையோட உங்க கடிகாரமும் சேந்து போகும். திரையில ஒரு குட்டி ஆள் ஓட்டுவான். நீங்க அன்னிக்கு வேகமாப் போன இடத்துல அவன் வேகமாப் போவான், நீங்க நின்ன இடத்துல அவனும் நிப்பான். இவங்களும் அவனும் எவ்வளவு தள்ளி இருக்காங்கன்னு நிமிஷக் கணக்கா காட்டும்."

செமான்சாவின் முகம் மலர்ந்தது. "அதப் போடு. இவ தனியாப் போக வேணாம் பாரு. நானும் கூடவே வருவேன்."

உமுலிசா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். சுவர் செமான்சாவுடையது. டிசிஎக்ஸையே ஏற்றினேன்.

"இன்னொண்ணு," என்றான் போகும்போது. "நீ மோட்டார் சைக்கிள்ல இவ பின்னாடியே வா. நடுவுல கார்ல ஏறிடப் போறா. நான் பஸ்ஸுல போயி அங்க நிக்கிறேன்."

இப்படியாக நானும் அந்த ஃபைலுக்குள் மாட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை விடியலில் கிளம்பினோம். ஷியோரோங்கி ஏற்றம் தொடங்கியதுமே அவள் தோள்கள் இறுகின. இடப்பக்கம் வெட்டிய மண்சுவர், வலப்பக்கம் பள்ளத்தாக்கு, விலகிப் போக ஒரு சந்து கிடையாது. கைப்பிடியில் அந்தக் குட்டி ஆள்.

"நாலு நிமிஷம் முன்னாடி போயிட்டார்ண்ணே!" என்று கத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆறு!"

"அதப் பாக்காதம்மா!"

"கண்ண எங்க வைக்க? மூக்குக்குக் கீழயே இருக்காரே!"

கைக்குட்டை ஏதாவது கட்டி மறைத்துக்கொள் என்றேன். மேடு எங்கே முடிகிறதென்று காட்டுவதும் அதே திரைதான். மேட்டைப் பார்த்தால் புருஷனைப் பார்க்க வேண்டும். அவள் பார்த்துக்கொண்டே மிதித்தாள். உச்சியில் அவள் முகம் சாம்பல் பூத்திருந்தது. ஒன்பது நிமிடம் பின்தங்கியிருந்தாள்.

இறக்கத்தில் கொஞ்சம் பிடித்தாள். நியிரங்கராமாவில் பஸ்கள் நின்று ஆட்கள் சுட்ட இறைச்சி வாங்கும் இடத்தைத் தாண்டும்போது திடீரென்று குரல் மாறியது.

"நிக்கிறார்ண்ணே! அசையவே இல்ல!"

"ஆட்டுக்கறி வாசம் வருதில்ல? அதான் நிக்கிறார். நீ போ!"

அவன் ஆறு வருடத்துக்கு முந்தைய இறைச்சியை மென்று முடிப்பதற்குள் அவள் முந்திவிட்டாள். ககென்கே வரை சமதரையில் அவன் கிழவனைப் போல வந்தான். எட்டு நிமிடம் அவளுக்கு லாபம். அதன் பிறகு புரங்கா மேடு.

மேடு தொடங்கியதும் அவன் மறுபடியும் பறந்தான். அவள் எழுந்து நின்று மிதித்தாள், பற்களைக் கடித்தாள். எட்டு ஐந்தானது, ஐந்து இரண்டானது. எதிரே பாதி மேடு இன்னும் மிச்சம்.

"என்னால ஆகாதுண்ணே. சைக்கிள் போச்சு."

அப்போது பின்னாலிருந்து சிமெண்ட் லாரி ஒன்று முனகிக்கொண்டு வந்தது. அதன் வாலில் நான்கு சைக்கிள்காரப் பையன்கள் தொங்கினார்கள். ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை லாரிக் கயிற்றில், பின்னால் கட்டிய காலி கேன்கள் தடதடத்தன.

"அக்கா, சைக்கிளத் தள்ளிட்டுப் போறியா, ஓட்டுறியா?"

"அக்கா, உனக்கு விலை ஒசந்த சைக்கிளு, எங்களுக்கு விலை ஒசந்த லாரி!"

சிரித்தபடி அவளைக் கடந்தார்கள். அவள் திட்ட வாயெடுத்தவள் திரையைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பையன்கள் கடந்த அதே நேரத்தில் குட்டி ஆளும் அவளைக் கடந்தான். பையன்களும் அவனும் ஒரே வேகத்தில் விலகினார்கள். மேலே கொண்டை ஊசி வளைவில் லாரி கியர் மாற்றத் தடுமாறி மெதுவானது. திரையில் இருந்தவனும் அங்கேயே மெதுவானான். வளைவு தாண்டியதும் இரண்டும் சேர்ந்து வேகம் பிடித்தன.

எங்கள் ஊரில் பிறந்தவளுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. மேட்டில் பறந்து சமதரையில் தவழும் சைக்கிள் எதுவென்று குழந்தைக்கும் தெரியும்.

"அண்ணே," என்றாள் மூச்சிரைக்க. "ஷியோரோங்கியிலயும் இதே கததானா?"

"அப்படித்தான் தெரியுது."

"என் வீட்டுக்காரர் கை எங்க இருந்துச்சு?"

அடுத்த லாரியின் முனகல் கீழே கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள். இந்த முறை பார்க்க அங்கே சுவர் இல்லை.

"அவர் போட்ட பேரம் நேரத்தப் பத்தினதும்மா," என்றேன். "கையப் பத்தி ஒரு வார்த்தை பேசல."

அவள் முகத்தில் சிரிப்பு வரவில்லை. சொந்தக் கால்களால் ஏற வேண்டும் என்றுதான் மாதக்கணக்கில் பழகியிருந்தாள். லாரி பக்கத்தில் வந்ததும் இடது கையை நீட்டிக் கயிற்றைப் பிடித்தாள். கொஞ்ச தூரத்திலேயே குட்டி ஆளை எட்டிவிட்டாள்; அங்கிருந்து உச்சி வரை இருவரும் ஒட்டிக்கொண்டே போனார்கள், கல்யாண ஃபோட்டோ மாதிரி. உச்சியில் கயிற்றை விட்டவள், முசான்சே வரை வெறிபிடித்தவளாக மிதித்தாள்.

பஸ் நிலையத்தில் செமான்சா நின்றான். பக்கத்தில் சைக்கிள் வாங்க வந்தவன் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். கருவி கூவியது. நான்கு நிமிடம் முந்தி.

செமான்சா அவளிடம் பேசாமல் என்னிடம் வந்தான். "உண்மையச் சொல்லு. முழுசா மிதிச்சாளா?"

என் கடை, என் வாடகை, என் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் ஒருமுறை கூட்டிப் பார்த்தேன்.

"நீங்க மிதிச்ச மாதிரியே மிதிச்சாங்க மொதலாளி."

"புரங்காவில கடைசி வரைக்கும் பக்கத்துலயே வந்தோம்ங்க," என்றாள் உமுலிசா. "ஒரு அடி பிசகல. வேணும்னா திறந்து எல்லாருக்கும் காட்டலாம். படிக்க முடியுற ஃபைல்தான்."

அவள் இடது உள்ளங்கையைத் துடைத்துக்கொள்ளவில்லை. கயிறு அழுத்திய தடமும் சிமெண்ட் தூசியும் அப்படியே இருந்தன. செமான்சா அதைப் பார்த்தான், கருவியைப் பார்த்தான், வாங்க வந்தவனைப் பார்த்தான். பிறகு, "சைக்கிள் விக்கிறதா இல்ல, போயிட்டு வா" என்றான் அந்த ஆளிடம்.

திங்கட்கிழமை அவனே கடைக்கு வந்தான். "அந்த டிசிஎக்ஸ அழிச்சிடு. அவளுக்கு ஜிபிஎக்ஸே போட்டுக் குடு. பாதை மட்டும் போதும்."

அழித்தேன். என்னிடம் இருந்ததை மட்டும்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். செமான்சாவுக்கு வர வேண்டிய மூன்று லட்சத்து ஐம்பதாயிரம் வரவில்லை. என் வாடகை மாதம் பத்தாயிரம் கூடிற்று, காரணம் எழுதப்படவில்லை. உமுலிசாவுக்கு வரவு சைக்கிள் ஒன்று, முகாமில் கட்டில் ஒன்று. அவளுடைய பாக்கி, முகாமுக்குப் போகும்முன் அவளே என்னிடம் சொல்லிவிட்டுப் போனது: புரங்கா மேடு ஒன்று, இரண்டு கையும் ஹேண்டில்பாரில் வைத்து.